சிமெண்ட் மூட்டையில் ஒரு இத்தாலி ஊர்

உங்க தெருவுல யாராவது வீடு கட்டிக்கிட்டு இருந்தா, அடுக்கி வச்சிருக்கிற சிமெண்ட் மூட்டையை ஒரு தடவை உத்துப் பாருங்க. கம்பெனி பேர், கலர் கலரான படம் எல்லாம் தாண்டி, 'போர்ட்லேண்ட் பொஸோலானா சிமெண்ட்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும். கடைக்காரர் பாஷையில் பி.பி.சி. (லண்டன் ரேடியோ இல்லீங்க!)

இதில் போர்ட்லேண்ட் என்பது இங்கிலாந்தில் இருக்கும் ஒரு கடலோரப் பகுதி. அங்கே கிடைக்கிற கட்டடக் கல் மாதிரியே இருக்கு என்று 1824ல் ஜோசப் ஆஸ்ப்டின் தன் சிமெண்ட்டுக்கு வைத்த பெயர் அது. சரி, பொஸோலானா? அதுவும் ஒரு ஊர்ப் பெயர்தான். இத்தாலியில், நேப்பிள்ஸ் நகரத்துக்குக் கொஞ்சம் மேற்கே, கடலை ஒட்டி இருக்கிற பொட்ஸுவோலி. ஒரு லட்சத்துக்கும் குறைவான ஜனத்தொகை. மீன்பிடிப் படகுகள், பக்கத்துத் தீவுகளுக்குப் போகும் கப்பல்கள், ஒரு சந்தை, நிறைய மாதா கோயில்கள். சினிமா ரசிகர்களுக்கு வேறு மாதிரி சொன்னால், சோஃபியா லாரன் வளர்ந்த ஊர்.

நான் சிவில் படித்தவன் இல்லை. முதல் வருஷம் எல்லாருக்கும் பொதுவா வைக்கிற 'பேசிக் சிவில்' பேப்பரில் இந்த வார்த்தையை மனப்பாடம் செய்து எழுதி பாஸ் பண்ணியதோடு சரி. இப்போ சாஃப்ட்வேரில் ஆணி புடுங்குகிற பிழைப்பு. ஆனா ஊர்களின் கதையைத் தோண்டுவது ஒரு வியாதி. இந்த ஊரைத் தோண்டப் போனா, 2,500 வருஷக் கதை ஒரே ஒரு சாம்பலைச் சுத்திச் சுத்தி வருது. ஊரை வாழ வைத்ததும் அந்த மண்தான், கவுத்ததும் அந்த மண்தான், இன்னிக்கு ராத்திரி தூங்க விடாம ஆட்டிக்கிட்டு இருக்கிறதும் அதே மண்தான்.

அண்டாவுக்குள் ஊர்

முதல்ல பூகோளம். நேப்பிள்ஸ் என்றதும் நமக்கு வெசூவியஸ் எரிமலையும் பாம்பேய் நகரமும் ஞாபகம் வரும். அது நகரத்துக்குக் கிழக்குப் பக்கம். மேற்குப் பக்கம் இன்னொரு எரிமலை இருக்கிறது. பெரிய வித்தியாசம், இது மலையாகவே இல்லை! பெயர் காம்பி ஃப்ளெக்ரே, அதாவது எரியும் வயல்கள். கிட்டத்தட்ட 12 முதல் 15 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு பள்ளம். அதில் பாதி நிலத்திலும் பாதி கடலுக்கடியிலும் கிடக்கிறது. இந்த மாதிரிப் பள்ளத்துக்குக் கால்டெரா என்று பெயர். அந்த வார்த்தைக்கு அர்த்தமே அண்டா, கொப்பரை என்பதுதான்.

சுமார் 40,000 வருஷம் முன்னால் இங்கே நடந்த வெடிப்பு, கடந்த இரண்டு லட்சம் வருஷங்களில் ஐரோப்பா பார்த்த வெடிப்புகளிலேயே பெரிசு என்கிறார்கள். அதன் சாம்பல் ரஷ்யா வரைக்கும் போயிருக்கிறது. பிறகு சுமார் 15,000 வருஷம் முன்னால் இன்னொரு பெரிய வெடிப்பு. உள்ளே இருந்ததெல்லாம் வெளியே கொட்டியதும், மேலே இருந்த தரை அப்படியே உள்வாங்கியது. அப்படி உருவான அண்டாவின் நட்ட நடுவில், கடலோரமாக உட்கார்ந்திருக்கிறது பொட்ஸுவோலி. ஊர் எல்லைக்குள்ளேயே சோல்ஃபதாரா என்று ஒரு எரிமலை வாய் உண்டு. கந்தக வாடையோடு இன்றைக்கும் புகை வந்துகொண்டிருக்கிறது.

"இப்படி ஒரு இடத்துல போயி எவனாவது ஊரு கட்டுவானா?" என்று கேட்பீர்கள். கட்டியவர்கள் கிரேக்கர்கள். கி.மு. 528 வாக்கில் சாமோஸ் தீவிலிருந்து, அங்கே நடந்த சர்வாதிகார ஆட்சி பிடிக்காமல் கிளம்பி வந்தவர்கள் என்று சொல்வார்கள். அதனாலோ என்னவோ, ஊருக்கு 'நீதியான ஆட்சி' என்று பொருள்படும்படி டிகாயார்க்கியா என்று பெயர் வைத்தார்கள். கடலுக்குள் மூக்கு நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு பாறைமேடு, மூன்று பக்கம் தண்ணீர், காற்றிலிருந்து பாதுகாப்பான வளைகுடா. கப்பல்காரனுக்கு வேறென்ன வேண்டும்? அந்தப் பாறைமேட்டுக்கு இன்றைய பெயர் ரியோனே தெர்ரா. இந்தப் பெயரை ஞாபகம் வச்சுக்குங்க, கடைசியில வேலை இருக்கு.

கி.மு. 194ல் ரோமானியர்கள் இதைத் தங்கள் குடியேற்றம் ஆக்கினார்கள். பெயர் புடியோலி ஆனது. கிணறு என்ற லத்தீன் வார்த்தையிலிருந்து வந்தது என்று ஒரு கட்சி, 'நாத்தம்' என்ற வார்த்தையிலிருந்து வந்தது என்று இன்னொரு கட்சி. கந்தகப் புகையை நினைத்துப் பார்த்தால் இரண்டாவது கட்சிக்கே என் ஓட்டு :-) தமிழ் பைபிளில் இதே ஊர் 'புத்தேயோலி' என்று வரும். கைதியாக ரோமுக்குக் கொண்டு போகப்பட்ட பவுல், இத்தாலி மண்ணில் இறங்கி ஒரு வாரம் தங்கியது இங்கேதான். அந்தப் பெயரே நம்ம வாய்க்கு வசதியாக இருப்பதால், ரோமானியக் காலத்து ஊருக்கு அதையே வைத்துக்கொள்வோம்.

தண்ணிக்குள் இறுகும் மண்

இப்போ மேட்டருக்கு வருவோம். சாதாரண சுண்ணாம்புக் காரை எப்படி இறுகுகிறது? காற்றில் இருக்கும் கரியமில வாயுவை இழுத்து, மெல்ல மெல்லத் திரும்பவும் சுண்ணாம்புக் கல்லாக மாறுகிறது. வீட்டுச் சுவருக்கு இது போதும். தண்ணிக்கடியில் காற்றுக்கு எங்கே போவது? கலவையைக் கடலில் கொட்டினால் கரைந்து போகும்.

புத்தேயோலி வட்டாரத்து எரிமலைச் சாம்பலில் ஒரு விசேஷம் உண்டு. எரிமலையில் கொதித்துச் சட்டென்று ஆறிய சிலிகா, ஒழுங்காகப் படிகமாக அடுக்கிக்கொள்ள நேரமில்லாமல் கண்ணாடி மாதிரி உறைந்து கிடக்கும். இப்படி அவசரத்தில் உறைந்தது, சுண்ணாம்பைப் பார்த்தால் சும்மா இருக்காது. தண்ணீரும் சேர்ந்தால் மூன்றும் வினைபுரிந்து கல் மாதிரி ஒரு பிணைப்பு உருவாகும். அதற்குக் காற்று தேவையில்லை. அதாவது இந்தக் கலவை காய்ந்து இறுகுவதில்லை, நனைந்து இறுகுகிறது.

கி.மு. முதல் நூற்றாண்டில் விட்ருவியஸ் என்ற கட்டடக்கலை ஆசாமி தன் புத்தகத்தில் இந்தப் பொடிக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார். இது எங்கே கிடைக்கும், கடலுக்குள் மரச்சட்டம் இறக்கி இதை வைத்து எப்படித் துறைமுகச் சுவர் கட்டுவது என்பது வரைக்கும் விளக்கம் உண்டு. புத்தேயோலியில் கடலுக்குள் வளைவு வளைவாக ஒரு பெரிய பாலம் போன்ற துறை நின்றது இந்தத் தொழில்நுட்பத்தில்தான். ஊரின் படத்தைப் பொறித்த கண்ணாடிக் குப்பிகளை அந்தக் காலத்திலேயே நினைவுப் பொருளாக விற்றிருக்கிறார்கள். அதில் இந்தத் துறையும் இருக்கிறது. (திருச்செந்தூர் போனா கிளிஞ்சல் மாலை வாங்கிட்டு வர்ற மாதிரி.)

சாம்பலே ஏற்றுமதிச் சரக்கும் ஆனது. இன்றைய இஸ்ரேல் கடற்கரையில் ஏரோது மன்னன் கட்டிய செசரியா துறைமுகத்தின் கான்கிரீட்டைத் துளைபோட்டு எடுத்து ஆராய்ந்தார்கள். உள்ளே இருந்தது நேப்பிள்ஸ் வளைகுடாச் சாம்பல்! மத்தியதரைக் கடலைக் கடந்து கப்பல் கப்பலாக மண் போயிருக்கிறது. இந்த ரோமானியக் கடல் கான்கிரீட் ஏன் 2,000 வருஷம் தாங்குகிறது என்பதற்கு 2017ல் ஒரு ஆய்வு விடை சொன்னது. கடல்நீர் உள்ளே ஊற ஊற, டோபர்மோரைட் என்ற தாது புதிது புதிதாக வளர்ந்து கலவையை இன்னும் கட்டிப் பிடிக்கிறதாம். நம்ம கான்கிரீட்டைக் கடல் தின்னும். அவங்க கான்கிரீட்டுக்குக் கடல் தீனி போடுது.

நம்ம ஊர் பி.பி.சி. மூட்டையில் இருப்பது இத்தாலிச் சாம்பல் இல்லை, பயப்படாதீங்க. பெரும்பாலும் அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரித்த சாம்பல்தான். அதுவும் உலையில் உருகிச் சட்டென்று ஆறியது என்பதால், அதே வித்தையைச் செய்கிறது. வேலை அதே வேலை, அதனால பேரும் அதே பேரு.

மிளகு இறங்கிய துறை

ரோம் நகரத்துக்குச் சொந்தமாக நல்ல துறைமுகம் கிடையாது. டைபர் ஆற்று முகத்துவாரம் மணல்மேடு. பெரிய கப்பல்கள் நுழைய முடியாது. அதனால் எகிப்தின் அலெக்சாண்டிரியாவிலிருந்து கோதுமை ஏற்றி வந்த பெரிய கப்பல்கள் எல்லாம் புத்தேயோலிக்குத்தான் வந்தன. அந்தக் கப்பல் கூட்டத்துக்கு முன்னால் தகவல் சொல்லும் கப்பல்கள் வரும். அதன் பாயைத் தூரத்தில் பார்த்ததுமே ஊரே கரையில் கூடிவிடும் என்று தத்துவஞானி செனெகா ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அத்தனை பேரும் ஓடும்போது தான் மட்டும் நிதானமாக இருந்ததைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்கிறார்.

கிழக்கத்திச் சரக்கும் இதே வழிதான். நம்ம மேற்குக் கரை முசிறியில் மிளகு ஏற்றிய கப்பல் செங்கடலில் கரை சேரும். அங்கிருந்து ஒட்டகத்தில் பாலைவனம், நைல் நதியில் படகு, அலெக்சாண்டிரியா, பிறகு புத்தேயோலி. சங்கப் பாடல்களில் வரும் யவனர் வியாபாரத்தின் மறுமுனைகளில் இந்த ஊரும் ஒன்று. வலிய இழுத்து முடிச்சுப் போடுகிறேன் என்று நினைக்க வேண்டாம், கல்லில் வெட்டிய சாட்சியே இருக்கிறது.

பிளினி என்ற ரோமானிய எழுத்தாளர் ஒரு சம்பவம் சொல்கிறார். ஆன்னியுஸ் பிளோகாமுஸ் என்பவர் செங்கடல் வரி வசூலைக் காண்ட்ராக்ட் எடுத்தவர். அவரிடம் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒருவர் அரேபியாவைச் சுற்றிக் கப்பலில் போகும்போது காற்று அடித்துக்கொண்டு போய், பதினைந்தாம் நாள் இலங்கையில் ஒதுக்கிவிட்டது. (அவர்கள் வைத்த பெயர் தப்ரபேன்.) மனுஷன் ஆறு மாசம் அங்கே இருந்து பாஷையைக் கற்றுக்கொண்டு ராஜாவிடம் ரோமைப் பற்றிப் பேசியிருக்கிறார். ராஜாவை அசத்தியது என்ன தெரியுமா? அவர் கையில் இருந்த வெள்ளிக்காசுகளில் வேறு வேறு தலைகள் இருந்தும் எல்லாம் ஒரே எடை. "இவங்க நேர்மையான ஆளுங்கப்பா" என்று முடிவு கட்டி, பேரரசர் கிளாடியஸுக்கு நான்கு தூதர்களை அனுப்பினார் என்கிறார் பிளினி.

கப்பல்காரன் கதைதானே என்று விட்டுவிடலாம். ஆனால் எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தில், செங்கடல் துறைமுகத்துக்குப் போகும் வழியில் ஒரு பாறையில் கிரேக்கத்திலும் லத்தீனிலும் கிறுக்கியிருக்கிறது: புப்ளியுஸ் ஆன்னியுஸ் பிளோகாமுஸின் ஆள் லீசாஸ், வருஷம் கி.பி. 6. ஆன்னியுஸ் குடும்பம் புத்தேயோலியின் வியாபாரக் குடும்பங்களில் ஒன்று என்கிறார்கள் ஆய்வாளர்கள். பாறையில் இனிஷியல் செதுக்கும் பழக்கம் நம்ம ஆளுங்களுக்கு மட்டும் சொந்தமில்லை போலிருக்கு. அதனால் ஒரு நன்மையும் இருக்கு!

ஊரில் சிரியாக்காரர், எகிப்தியர், யூதர் எனப் பல தேசத்து ஜனங்கள் இருந்தார்கள். இன்றைய ஜோர்டான் பக்கத்து நபாட்டியர்கள் தங்கள் சாமி துஷாராவுக்கு இங்கே கோயிலே கட்டியிருந்தார்கள். அதன் பலிபீடங்களைக் கடலுக்கடியில் கண்டுபிடித்ததாக 2023ல் இத்தாலி அரசு அறிவித்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தது லெபனான் கரையின் தைர் நகரத்து ஆட்களின் கடிதம். வருஷம் கி.பி. 174. புத்தேயோலியில் அவர்களுக்கு ஒரு சங்கக் கட்டடம் இருந்தது. "மற்ற ஊர்க்காரர்களின் கட்டடத்தை விட நம்முடையது பெரிசு, அழகு. முன்பு இங்கே நம்ம ஆட்கள் நிறைய, வசதியும் இருந்தது. இப்போ நாங்க கொஞ்சம் பேர்தான். கோயில் செலவையும் பார்த்துக்கிட்டு வாடகையும் கட்ட முடியல, நீங்க கட்டுங்க" என்பதுதான் சொந்த ஊருக்கு அவர்கள் எழுதியதன் சாரம். கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டில் தமிழ்ச் சங்கம் நடத்தும் நண்பர்கள் கண்ணில் தண்ணி வருவது எனக்குத் தெரிகிறது.

தன் மண்ணே வைத்த ஆப்பு

ஆட்கள் ஏன் குறைந்தார்கள்? கி.பி. 39ல் கலிகுலா செய்த கூத்து ஒரு முன்னோட்டம். "இவன் பேரரசன் ஆவதும் பாயே வளைகுடாவைக் குதிரையில் கடப்பதும் ஒண்ணுதான்" என்று ஒரு ஜோசியக்காரர் சொல்லியிருந்தாராம். பதவிக்கு வந்த கலிகுலா, சரக்குக் கப்பல்களை எல்லாம் பிடித்து வந்து, புத்தேயோலிக்கும் எதிர்க்கரை பாயேக்கும் நடுவில் இரட்டை வரிசையாக நிறுத்தி, மேலே மண்ணைக் கொட்டி ரோடு போட்டு, குதிரையில் போய்க் காட்டினார். கப்பல்கள் இப்படி மாட்டிக்கொண்டதால் இத்தாலியில் சாப்பாட்டுக்கே பஞ்சம் வந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

அடுத்து வந்த கிளாடியஸுக்கு விஷயம் புரிந்தது. சாப்பாட்டுக் கப்பல் ரோமுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்க வேண்டும். கி.பி. 42ல் டைபர் முகத்துவாரத்தை ஒட்டிப் புதுத் துறைமுகம் ஆரம்பித்தார். அதில் கலங்கரை விளக்குக்கு அஸ்திவாரமாக ஒரு ராட்சதக் கப்பலைக் கான்கிரீட் போட்டு மூழ்கடித்தார்கள். அந்தக் கான்கிரீட்டுக்கு என்ன பொடி? புத்தேயோலிப் பொடி! பிளினியே இதைச் சொல்கிறார். அந்தத் துறைமுகச் சுவர்களைச் சோதித்தபோதும் நேப்பிள்ஸ் வளைகுடாச் சாம்பல்தான் கிடைத்தது. தன் வீட்டு மண்ணை வித்து, அந்த மண்ணுலயே போட்டிக் கடை கட்ட விட்ட ஊர் இது. பிறகு பேரரசர் டிராஜன் அந்தத் துறைமுகத்தை இன்னும் பெரிதாக்க, கோதுமைக் கப்பல்கள் மெல்ல வடக்கே திரும்பின.

வியாபாரம் போனது ஒரு பக்கம். தரையே இறங்க ஆரம்பித்தது இன்னொரு பக்கம்.

பாபேஜ் பார்த்த தூண்கள்

1750ல் இங்கே தோண்டும்போது மூன்று உயரமான சலவைக்கல் தூண்கள் வெளியே வந்தன. பக்கத்தில் செராபிஸ் என்ற எகிப்தியச் சாமியின் சிலை கிடைத்ததால், கோயில் என்று நினைத்து செராபியம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். உண்மையில் அது ரோமானியக் காலத்து மார்க்கெட். மீன், கறி விற்ற இடம். பேர் மட்டும் கோயில்னே நின்னுடுச்சு.

தூண்கள் ஒவ்வொன்றும் சுமார் 12 மீட்டர் உயரம். அடியிலிருந்து சுமார் 12 அடி வரைக்கும் வழவழவென்று இருக்கிறது. அதற்கு மேலே 9 அடிக்கு ஒரு பட்டை மாதிரி முழுக்க ஓட்டை ஓட்டை. அதற்கு மேலே திரும்பவும் சுத்தம். ஓட்டை போட்டது கடலில் கல்லைத் துளைத்து வாழும் ஒரு சிப்பி. தரையில் நிற்கும் தூணின் நடு உயரத்தில் கடல் சிப்பிக்கு என்ன வேலை?

ஜெர்மன் கவிஞர் கெதே இங்கே வந்து போய், 1823ல் ஒரு விளக்கம் வெளியிட்டார். எரிமலைச் சாம்பல் அணை மாதிரி அடைத்து அங்கே ஒரு குளம் நின்றிருக்கும் என்றார். கடலோ நிலமோ இவ்வளவு ஏறி இறங்கும் என்பதை அவரால் நம்ப முடியவில்லை.

1828ல் சார்ல்ஸ் லயல் வந்தார். அவர் போட்ட கணக்கு எளிது. கடல் மட்டம் உயர்ந்திருந்தால் மத்தியதரைக் கடல் முழுக்க உயர்ந்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. ஆகவே ஏறி இறங்கியது நிலம். தூண்களின் அடிப்பகுதி மண்ணுக்குள் புதைந்திருந்ததால் சிப்பி தொடவில்லை. நடுப்பகுதி கடலுக்குள் இருந்தது. மேல்பகுதி தண்ணீருக்கு வெளியே நின்றது. பிறகு ஊர் திரும்பவும் எழும்பியிருக்கிறது. இத்தனைக்கும் தூண் விழவில்லை! பூமி அவ்வளவு நிதானமாக அசைந்திருக்கிறது. 1830ல் வந்த 'பிரின்சிபில்ஸ் ஆஃப் ஜியாலஜி' முதல் தொகுதியின் முகப்புப் படமே இந்த மூன்று தூண்கள்தான். அந்தத் தொகுதியோடுதான் அடுத்த வருஷம் டார்வின் பீகிள் கப்பலில் ஏறினார்.

நம்ம இனத்துக்கு வேண்டியப்பட்ட இன்னொருவரும் அதே 1828ல் இங்கே வந்தார். சார்ல்ஸ் பாபேஜ். ஆமாங்க, கம்ப்யூட்டரின் பாட்டனார்! முந்தின வருஷம் மனைவி இறந்துபோக, ஐரோப்பா முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தார். சும்மா சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிற ஆளா அவர்? தூண்களை அளந்தார், உப்புப் படிவுகளைக் குறித்துக்கொண்டார். கீழே சூடு ஏறினால் பாறை எவ்வளவு விரியும், எவ்வளவு உயரும் என்று கணக்குப் போட்டு 1834ல் லண்டனில் கட்டுரை வாசித்தார். விடையில் பாதி சரி, பாதி தப்பு. ஆனால் 'கீழே ஏதோ சூடாகி ஊதுது, அதை எண்ணில் சொல்ல முடியும்' என்ற பார்வை இன்றைக்கும் நிற்கிறது. மெஷினை முடிக்காத மனுஷன் என்று கிண்டல் செய்வோம். இந்தக் கட்டுரையை முடிச்சிட்டாருப்பா.

சிப்பி ஓடுகளைக் கார்பன் டேட்டிங் செய்து பார்த்ததில், ஊர் ஒரு தடவை அல்ல, ரோமானியர் காலத்துக்குப் பிறகு மூன்று தடவை ஏழு மீட்டர் அளவுக்குக் கடலுக்குள் போய் வந்திருப்பதாகச் சொல்கிறார்கள். பழைய துறைமுகத் தெருக்கள் இன்னும் கடலடியில்தான் கிடக்கின்றன.

ஒரே வாரத்தில் ஒரு மலை

1500களின் ஆரம்பத்தில் கரை உயர ஆரம்பித்தது. கடல் பின்வாங்கி புதுசாக வெளியே வந்த நிலத்தை ஊருக்கே கொடுத்து 1503லும் 1511லும் அரசாணை போட்டிருக்கிறார்கள். இலவச நிலம், சந்தோஷம்தானே? நிலம் வந்த காரணம்தான் யாருக்கும் தெரியவில்லை.

1538 செப்டம்பர் 29. ஊருக்கு மேற்கே திரிபெர்கோலே என்ற கிராமத்தின் பக்கம் தரை பிளந்து நெருப்பும் சாம்பலும் பொங்கியது. ஒரே வாரத்தில் 130 மீட்டருக்கு மேல் உயரமான ஒரு மலை முளைத்தது. கிராமம் அடியில் போனது. மலைக்கு மோன்தே நுவோவோ, அதாவது புதுமலை என்று பெயர். நடுவில் கொஞ்சம் அடங்கியதும் வேடிக்கை பார்க்க ஜனங்கள் மேலே ஏறினார்கள். அக்டோபர் 6ம் தேதி திடீரென்று இன்னொரு வெடிப்பு. இருபத்துச் சொச்சம் பேர் இறந்தார்கள்.

பொட்ஸுவோலி ஜனங்கள் நேப்பிள்ஸுக்கு ஓடினார்கள். வைஸ்ராயாக இருந்த பேத்ரோ தெ தொலேதோ, ஊர் காலியாகிவிடக் கூடாது என்று வரியைத் தள்ளுபடி செய்து, தனக்கே அங்கே ஒரு மாளிகை கட்டிக்கொண்டார். 'நானே வந்து இருக்கேன், நீங்க வாங்க' என்பது மாதிரி. ஜனங்கள் திரும்பி வந்தார்கள். காம்பி ஃப்ளெக்ரேயின் கடைசி வெடிப்பு அதுதான். இது வரைக்கும்.

காலி செய்யப்பட்ட மேடு

ஞாபகம் வச்சுக்கச் சொன்ன ரியோனே தெர்ராவுக்கு இப்போ வருவோம். அந்தப் பாறைமேட்டில் இருந்த பழைய கதீட்ரல் 1964 மே மாதம் தீப்பிடித்தது. பூச்சுகள் எரிந்து விழ, உள்ளே இருந்து ரோமானியக் கோயில் தூண்கள் எட்டிப் பார்த்தன! அகஸ்டஸ் காலத்துக் கோயிலுக்குள்ளேயே மாதா கோயிலைக் கட்டியிருந்திருக்கிறார்கள். (2014ல் ரெண்டையும் காட்டுகிற மாதிரி சீர் செய்து திறந்தார்கள்.)

ஆனால் மேட்டில் வாழ்ந்த ஜனங்கள்? பெரும்பாலும் ஏழைகள், மீனவர்கள். 1969 முதல் தரை வேகமாக உயர ஆரம்பித்தது. 1970 மார்ச் 2ம் தேதி ராணுவமும் போலீசும் வந்து சுமார் 3,000 பேரை வெளியேற்றின. கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். எரிமலை வெடிக்கவில்லை. தரை ஒன்றரை மீட்டருக்கு மேல் உயர்ந்து அப்படியே நின்றது. ஆனால் அவர்கள் வீட்டுக்குத் திரும்பவே இல்லை. தள்ளி, தோயானோ என்ற இடத்தில் அடுக்குமாடி கட்டிக் கொடுத்தார்கள். மேடு பிறகு புதுப்பிக்கப்பட்டு, அடியில் இருக்கும் ரோமானியத் தெருக்களைப் பார்க்க டிக்கெட் வாங்கிப் போகலாம். 2,000 வருஷத்துக்கு மேலாக ஜனங்கள் வாழ்ந்த இடம், இப்போ பார்க்கிற இடம்.

1982ல் திரும்பவும் ஆரம்பித்தது. இரண்டு வருஷத்தில் 1.8 மீட்டர் உயர்வு, பதினாறாயிரத்துக்கு மேல் நிலநடுக்கங்கள். சுமார் 40,000 பேரை இடம் மாற்றினார்கள். மோன்தெருஷெல்லோ என்று புது நகரமே எழுந்தது. படகு நிற்கும் துறை ஆளுயரத்துக்கு எழும்பிப் போனதால், கீழே புதுசாக ஒரு படித்துறை கட்ட வேண்டியதாயிற்று. அப்போதும் வெடிக்கவில்லை. அதற்குப் பின் இருபது வருஷம் தரை மெல்ல இறங்கியது.

2005லிருந்து திரும்பவும் ஏற்றம். சுமார் ஒன்றரை மீட்டர் ஏறியாகிவிட்டது. 2012 டிசம்பரில் மஞ்சள் எச்சரிக்கை அறிவித்தார்கள். 2024 மே 20ல் 4.4 ரிக்டர். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. 2025 மார்ச்சிலும் ஜூனிலும் 4.6. எண் சின்னதாகத் தெரியலாம். ஆனால் வெறும் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் நடப்பதால், நேராகக் கட்டிலுக்கடியில் குத்துகிற மாதிரி இருக்கும். மீனவர்களின் சின்னத் துறையில் தண்ணீர் வற்றிப் படகுகள் சேற்றில் உட்கார்ந்தன. கீழே அழுத்துவது வாயுவும் வெந்நீருமா, பாறைக்குழம்பா என்பதில் விஞ்ஞானிகளே இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. இவ்வளவு உயர்ந்தும் தரை ஏன் உடனே பிளந்து விடுவதில்லை? 2015ல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் ஆழத்திலிருந்து எடுத்த பாறைத் துண்டுகளைச் சோதித்தார்கள். எரிமலைச் சாம்பல், கீழே இருந்து வரும் சுண்ணாம்புச் சத்து, வெந்நீர் எல்லாம் சேர்ந்து, நார் நாரான தாதுக்களோடு ஒரு மூடி உருவாகியிருக்கிறது. ரோமானியக் கான்கிரீட்டில் நடக்கும் அதே வேதியியல். அதனால்தான் இழுத்தால் கொஞ்சம் வளைந்து கொடுக்கிறது. ரோமானியர்கள் அந்த வித்தையை இந்த மண்ணைப் பார்த்தே கற்றிருக்கலாம் என்பது அவர்கள் யூகம். ஆக, ஊரைக் கீழே இருந்து ஆட்டுவதும் எரிமலை, வெடிக்காமல் மூடி போட்டுப் பிடித்திருப்பதும் அதே எரிமலையின் சாம்பல்.

அந்த மூடி எவ்வளவு நாள் தாங்கும்? இந்தக் கேள்வியோடு சிவப்பு மண்டலத்துக்குள் சுமார் 5 லட்சம் பேர் தினமும் சமைக்கிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். எல்லாரையும் 72 மணி நேரத்தில் வெளியேற்ற அரசிடம் திட்டம் இருக்கிறது. சீக்கிரம் மணி அடித்தால், 1970ல் மேட்டை விட்டு இறங்கியவர்களைப் போல, வெடிக்காத எரிமலைக்காக ஊரையே இழக்க வேண்டியிருக்கும். தாமதமாக அடித்தால் திரிபெர்கோலே. சர்வர் டவுன் ஆகும் என்று ராத்திரி மூன்று மணிக்குப் பொய் அலாரம் அடித்தால் நாங்கள் திட்டிவிட்டுத் தூங்கப் போய்விடுவோம். இங்கே ஒவ்வொரு பொய் அலாரத்துக்கும் ஒரு தலைமுறையின் வீடு விலை.

"அப்புறம் ஏன்யா அங்கேயே இருக்காங்க?" என்று கேட்பது சுலபம். சாமோஸ்காரர்கள் வந்த நாளிலிருந்து இந்த ஊர் பத்திரமாக இருந்த நாள் ஒன்றுகூடக் கிடையாது. நல்ல துறையும், கல்லாகும் மண்ணும், வெந்நீர் ஊற்றும் கொடுத்தது எந்த நெருப்போ, அதையே நம்பித்தான் அதன் மேல் படுத்திருக்கிறார்கள். எனக்குப் படுவது இவ்வளவுதான்: போகச் சொல்லும் உரிமை அரசாங்கத்துக்கு இருக்கலாம். ஆனா ஆபத்து தாண்டினதும் திரும்பி வர வழி இருக்குன்னு நம்ப வச்சாதான், அடுத்த தடவை மணி அடிக்கும்போது ஜனங்க கதவைப் பூட்டிட்டு இறங்குவாங்க. 1538ல் ஒரு வைஸ்ராய்க்கு அது புரிஞ்சிருந்தது. 1970ல் ரியோனே தெர்ராவிலிருந்து இறங்கினவங்களுக்கு அந்த வழி கிடைக்கவே இல்லை.